குதிரையைக் கொடுத்து குட்வில் வாங்கிய கதை

என் அக்கா என்னோடு பதினேழு நாள் பேசவில்லை. சொத்துத் தகராறு இல்லை. கொடுக்கல் வாங்கல் இல்லை. காரணம் ஒரு குதிரை.

மரக்குதிரைதான். அதுவும் என் குதிரை இல்லை. அவள் பையனின் குதிரை. ஒரு டோர்னமென்ட்டில், நாலாவது மூவிலேயே அதை எதிராளிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டான். அப்படிக் கொடுக்கச் சொல்லிக் கொடுத்த புண்ணியவான் நான்.

முதலில் என் கெட்ட பழக்கத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். காரைக்காலில் ராத்திரி பத்தரைக்கு மேல் செய்வதற்கு அதிகம் ஒன்றும் கிடையாது. பாரதியார் சாலையில் கடைகள் ஷட்டரை இறக்கிவிடும். (வேறு சில கடைகள் இந்த ஊரில் ஏகப்பட்டது உண்டு, எனக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை, வயிற்றில் அல்சர்.) மனைவி தூங்கியபின் செல்போனைத் தலையணைக்கடியில் இருந்து எடுத்து, முகம் தெரியாத யாரோ ஒருவருடன் செஸ் ஆடுவேன். ஆளுக்கு மூன்று நிமிஷம். பிரேசில்காரர், துருக்கிக்காரர், பெயரை வைத்து எந்த நாடு என்றே சொல்ல முடியாதவர் எல்லாரும் வருவார்கள். நான் ஆடும் தளம் லிசெஸ். 2010-ல் தீபோ டுப்ளெஸ்ஸி என்ற பிரெஞ்சு புரோகிராமர் ஆரம்பித்தது. காசும் கிடையாது, விளம்பரமும் கிடையாது. 1954 நவம்பர் வரை பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு அவன் செலவில் செஸ் ஆடுவதில் ஒரு திருப்தி இருக்கிறது.

எனக்கு செஸ் கற்றுக்கொடுத்தவரும் பிரெஞ்சு வாசனை உள்ளவர்தான். எங்கள் தெருவில் பிரெஞ்சு பட்டாளத்தில் இருந்து ரிட்டையராகி, மாதாமாதம் அங்கிருந்து பென்ஷன் வாங்கிய பெரியவர் ஒருவர் இருந்தார். தெருவே அவரை 'சொல்தா தாத்தா' என்று கூப்பிடும். திண்ணையில் போர்டு விரித்து, "பிரெஞ்சுல இந்த ஆட்டத்துக்குப் பேரு எஷெக். தோத்துப் போறதுக்கும் அதே வார்த்தைதான். ஞாபகம் வச்சுக்க" என்பார். நாம் சில சமயம் மந்திரி என்றும், இங்கிலீஷ்காரர்கள் பாதிரியார் என்றும் சொல்கிற பிஷப்பை, பிரெஞ்சில் 'ஃபூ' என்பார்களாம். அதாவது கோமாளி. மந்திரி என்பதும் கோமாளி என்பதும் ஒரே காய்தான் என்று எட்டு வயதிலேயே தெரிந்துகொண்டது பிற்பாடு அரசியல் செய்தி படிக்கையில் எனக்கு மிகவும் உபயோகப்பட்டது.

இனி அந்தக் குதிரை விஷயம். செஸ் தெரியாதவர்கள் பயப்பட வேண்டாம், நாலே மூவ்தான்.

வெள்ளை தன் ராஜாவுக்கு முன்னால் இருக்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுகிறது. கறுப்பும் அப்படியே. வெள்ளை ஒரு குதிரையை வெளியே கொண்டுவந்து, கறுப்புச் சிப்பாயை முறைக்கிறது. கறுப்பு, 'நீ முறைச்சா நானும் முறைப்பேன்' என்று தன் குதிரையைக் கொண்டுவந்து வெள்ளைச் சிப்பாயை முறைக்கிறது. இதற்கு பெட்ராஃப் டிஃபென்ஸ் என்று பெயர். மூன்றாவது மூவில் வெள்ளைக் குதிரை அந்தச் சிப்பாயை வெட்டுகிறது. கறுப்பு, பக்கத்துச் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தி, 'இடத்தைக் காலி பண்ணு' என்கிறது.

புத்தியுள்ளவர்கள் இந்த இடத்தில் குதிரையைப் பின்னால் எடுப்பார்கள். நான் எடுக்க மாட்டேன். குதிரையை நேரே ராஜாவின் மடியில் கொண்டுபோய் விடுவேன். எஃப்7 என்று ஒரு கட்டம். அங்கே இருக்கும் சிப்பாய்க்கு ராஜாவைத் தவிர வேறு காவல் கிடையாது. அதை வெட்டி, ராணிக்கும் யானைக்கும் ஒரே சமயத்தில் குறி வைத்து நிற்கும் என் குதிரை. வேறு வழியில்லாமல் ராஜாவே இறங்கி வந்து அதை வெட்ட வேண்டும். அதன்பின் அவருக்குக் காஸ்லிங் கிடையாது. நடுத்தெருவில் நிற்கிறார்.

நான் படித்தது பி.காம். ஆகவே இதைப் பற்று வரவில் எழுதிப் பார்த்தேன். குதிரைக்கு வழக்கமாகப் போடும் மதிப்பு மூன்று, சிப்பாய்க்கு ஒன்று. பற்றில் மூன்று, வரவில், வெட்டிய இரண்டு சிப்பாய்க்கு இரண்டு. ஒன்று உதைக்கிறது. காமர்ஸ் படித்தவனுக்கு இந்த இடத்தில் ஒரு வழி தெரியும். கண்ணால் பார்க்கவோ கையால் பிடிக்கவோ முடியாத சொத்து என்று ஒரு தலைப்பு உண்டு. அதன் கீழ் 'குட்வில் - 1' என்று எழுதினால் பேலன்ஸ் ஷீட் டாலி ஆகிவிடும். எதிராளியின் ராஜா குளிரில் நிற்கிறாரே, அதுதான் குட்வில்.

ஆடிட்டர் ஒப்புக்கொள்வாரா என்றால், மாட்டார். ஸ்டாக்ஃபிஷ் என்ற கம்ப்யூட்டர் புரோகிராமிடம் இந்த நிலையைக் காட்டினால், கறுப்புக்கே மேல் என்று கறாராகச் சொல்லிவிடும். எங்கள் ஊர் அம்மையார், கணவன் கொடுத்தனுப்பிய இரண்டு மாம்பழத்தில் ஒன்றைச் சிவனடியாருக்குக் கொடுத்துவிட்டு, கணவன் கேட்டபோது ஈசனை வேண்டி இன்னொன்று பெற்றார். வருஷாவருஷம் மாங்கனித் திருவிழாவில் மாடியிலிருந்து பழத்தை இறைத்து அதைக் கொண்டாடுகிறோம். எனக்கு அவ்வளவு பக்தி இல்லை. கொடுத்த குதிரை கொடுத்ததுதான்.

இந்த அநியாயத்துக்கு காக்ரேன் கேம்பிட் என்று பெயர். ஏதோ ஐரோப்பிய காபி கிளப்பில் உட்கார்ந்து கண்டுபிடித்திருப்பார்கள் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை ஸார், இது நம் கல்கத்தா சரக்கு!

ஜான் காக்ரேன் ஸ்காட்லாந்துக்காரர், தொழில் வக்கீல். இளம் வயதிலேயே, 1821-ல், பாரிஸ் பக்கம் போய் அந்தக் காலத்து ஜாம்பவான்களான டெஷாப்பெல், லபூர்தொனே இருவரோடும் மோதியவர். 1822-ல் செஸ் பற்றி ஒரு புத்தகம் போட்டார். அதன்பின் கல்கத்தாவுக்கு வந்து கோர்ட்டில் வாதாடிக்கொண்டு, மிச்ச நேரமெல்லாம் செஸ். ஆனால் சரியான ஜோடி இல்லை. அப்போதுதான் வெளியூரில் ஒரு பிராமணர் இருக்கிறார், அவரை யாராலும் ஜெயிக்க முடிவதில்லை என்று கேள்விப்பட்டு அவரைப் பிடித்தார்கள். பெயர் மகேஷ் சந்திர பானர்ஜி. இங்கிலீஷ் பத்திரிகைகள் அந்தப் பெயரைப் படுத்தாத பாடு படுத்தி 'மொஹிஷுந்தர்' என்றெல்லாம் அச்சடித்தன.

1848-ல் தொடங்கி ஒரு டஜன் வருஷத்துக்கு மேல் இருவரும் நூற்றுக்கணக்கில் ஆடினார்கள். அந்த 1848-ல்தான் காக்ரேன் இந்தக் குதிரையை பானர்ஜியின் ராஜாவுக்கு முன்னால் வீசினார். அதற்குத்தான் இன்றைக்கும் அவர் பெயர்.

எனக்கென்னவோ காக்ரேனைவிட பானர்ஜியைத்தான் பிடிக்கிறது. நம்மூர்ப் பழைய ஆட்டத்தில் சிப்பாய் முதல் அடியில் இரண்டு கட்டம் பாயாது. அந்தப் பழக்கத்தில் வந்தவர், ஒவ்வொரு கட்டமாய் மெல்ல நகர்ந்து, பிஷப்பை ஓரத்தில் ஒளித்து வைத்து, எதிராளி நடுவில் கோட்டை கட்டும் வரை பொறுத்திருந்து அடிப்பார். இந்தியன் டிஃபென்ஸ் என்று இன்று உலகம் பூரா ஆடுகிறார்களே, அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது இவர் ஆடிய ஆட்டங்கள்தான். 1920-களில் க்ருன்ஃபெல்ட் என்ற ஆஸ்திரியரின் பெயரில் பிரபலமான டிஃபென்ஸை, பானர்ஜி 1855-லேயே காக்ரேனுக்கு எதிராக ஆடிவிட்டார். பேடன்ட் வாங்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

காக்ரேன் கேம்பிட்டுக்கு நூற்றைம்பது வருஷம் கழித்து ஒரு மறுபிறவியும் வந்தது. 1999, ஸ்பெயினில் லினாரஸ் போட்டி. பல்கேரியாவின் டோபலாஃப், ரஷ்யாவின் கிராம்னிக்குக்கு எதிராக நாலாவது மூவில் குதிரையை எஃப்7-ல் கொண்டுபோய் இறக்கினார். கிராம்னிக் லேசுப்பட்டவர் இல்லை, அடுத்த வருஷமே காஸ்பரோவைத் தோற்கடித்து உலக சாம்பியன் ஆனவர். அவராலேயே ஒன்றும் பண்ண முடியவில்லை, டிரா!

இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

மூன்று நிமிஷ ஆட்டத்தில் இது எப்படிச் செல்லுபடியாகிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. மூன்று நிமிஷம் என்றால் 180 செகண்டு. ஆட்டம் நாற்பது மூவ் போகிறது என்று வையுங்கள். மூவுக்கு நாலரை செகண்டு. பீரோ சாவியை எங்கே வைத்தோம் என்று யோசிக்கவே அது போதாது. குதிரை எஃப்7-ல் விழுந்ததும் எதிராளி திகைத்து இருபது முப்பது செகண்டு செலவழிக்கிறான். எனக்கோ அடுத்த அஞ்சாறு மூவ் மனப்பாடம். அவன் வீட்டில் திருடன் புகுந்திருக்கிறான், அவன் பதறுகிறான். திருடனுக்கு வீட்டு வரைபடம் முழுக்கத் தெரியும்.

ரொம்பப் பேர் விழும் குழி ஒன்றைச் சொல்கிறேன். ராஜா குதிரையை வெட்டியதும் நான் ராணியின் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுவேன். அலட்சியமாக. நடுவில் என் ராஜா சிப்பாய் காவலில்லாமல் நிற்கும். எதிராளிக்கு நாக்கில் ஜலம் ஊறும். தன் குதிரையால் வெட்டுவான். உடனே என் ராணி எச்5-க்குப் பாய்ந்து செக். ராஜா பயந்து ஜி8-க்கு ஓடினால் கதை முடிந்தது: ராணி டி5-க்கு வந்து மறுபடி செக், பிஷப் குறுக்கே வரும், ராணி பிஷப்பை வெட்டும், மேட். ராஜா வேறு பக்கம் போனாலும் சரி, சிப்பாயை வைத்து மறைத்தாலும் சரி, வெட்டிய குதிரையை வட்டியோடு திருப்பி வாங்கிவிடுவேன்.

இந்தக் குடும்பத்தில் இன்னும் பல போக்கிரிகள் உண்டு. ஹாலோவீன் கேம்பிட் என்று ஒன்று, ஒரே ஒரு சிப்பாய்க்குக் குதிரையைத் தருவது, காக்ரேனாவது தேவலை. கறுப்புக்கு ஸ்டாஃபர்ட் கேம்பிட். 2020-ல் எரிக் ரோசன் என்ற அமெரிக்கர் வீடியோவில் ஆடி ஆடி அதைப் பரப்பினார். கொரோனாவில் ஊரே வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த வருஷம் அது. உலகம் முழுக்கப் புதிதாக செஸ் பிடித்தவர்கள் எல்லாரும், அரிச்சுவடி முடிப்பதற்குள் பிக்பாக்கெட் கற்றுக்கொண்டார்கள். நானும் அதில் ஒருவன் என்பதால் அதிகம் பேசக் கூடாது.

உண்மையான வரவு செலவையும் காட்டிவிடுகிறேன். ஒரு மாதம் நோட்டுப் போட்டுக் குறித்தேன். காக்ரேனுக்கு வாய்ப்பு வந்தது 31 ஆட்டத்தில். ஜெயித்தது 17, தோற்றது 13, ஒன்று டிரா. 'பரவாயில்லையே' என்பீர்கள். ஜெயித்த பதினேழில் பெரும்பாலும் என்னைவிட மட்டமான ஆட்டக்காரர்கள். ஒழுங்காக ஆடியிருந்தாலும் அவர்களை ஜெயித்திருப்பேன். தோற்ற பதின்மூன்றும் நல்ல ஆட்டக்காரர்களிடம். ஆக குட்வில் வேலை செய்தது, குட்வில் தேவைப்படாத இடத்தில்.

இந்தக் கணக்கை நான் அக்கா பையனிடம் சொல்லவில்லை. சொன்னது பதினேழை மட்டும்தான்.

அவனுக்குப் பதினொரு வயது. ஆள் சீரியஸ். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் கடைசி ஆட்டத்தில் டிங் லிரனை ஜெயித்து, பதினெட்டு வயதில் உலக சாம்பியன் ஆனபோது, டி.வி. முன்னால் அழுதவன். முறையாக வகுப்புக்குப் போகிறான். அவன் கோச் கற்றுக்கொடுத்ததெல்லாம் இட்லி மாதிரி, ஆரோக்கியம். நான் கொடுத்தது மிளகாய் பஜ்ஜி. ஒரு லீவு நாளில் என் வீட்டுக்கு வந்தவனிடம் அந்த எச்5, டி5 குழியைக் காட்டினேன். கண் விரிந்தது. "மாமா, இன்னொரு தடவை!" என்றான். அந்த நிமிஷத்தில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

டோர்னமென்ட் பக்கத்து ஊர்க் கல்யாண மண்டபத்தில். அதற்கு முந்தின வாரம் அக்கா அவனை நீடாமங்கலம் பக்கம் பூவனூருக்கு அழைத்துப் போனாள். அங்கே சுவாமி பெயரே சதுரங்க வல்லபநாதர். ராஜகுமாரியோடு சதுரங்கம் ஆடி ஜெயித்து அவளைக் கைப்பிடித்தார் என்பது ஸ்தல புராணம். அர்ச்சனை பண்ணி, போர்டையும் வைத்து எடுத்து வந்தாள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பிற்பாடு தோல்விக்குக் காரணம் தேடியபோது சுவாமி லிஸ்டில் இல்லை. மிச்சம் நான்தான்.

ஐந்தாவது ரவுண்டு. ஜெயித்தால் கோப்பை. ஆளுக்கு ஒரு மணி நேரம். எதிரே ரெட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண். இவனைவிட ஒரு வயது சின்னது. பெட்ராஃப் ஆடினாள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் பெற்றோர் கூட்டத்தில் நான். அவன் என்னைத் திரும்பிப் பார்த்து லேசாகச் சிரித்தான். எனக்கு அடிவயிறு கலங்கியது. 'வேண்டாம்டா' என்று கத்தவும் முடியாது. குதிரை எஃப்7-ல் இறங்கியது.

அந்தப் பெண் பதறவே இல்லை. ராஜாவால் வெட்டினாள். ஸ்கோர் ஷீட்டில் எழுதினாள். தண்ணீர் குடித்தாள். அவன் ராணியின் சிப்பாயைத் தள்ளினான், அதே அலட்சியத்தோடு. அவள் இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டு யோசித்தாள். பத்து நிமிஷம்... பன்னிரண்டு... பதினாலு நிமிஷம்! நடுவில் நிற்கும் சிப்பாயை அவள் தொடவேயில்லை. பிஷப்பை ஒரு கட்டம் முன்னால் வைத்தாள். அப்புறம் யானையை நகர்த்தினாள். ராஜா பொடிநடையாய் நடந்து மூலையில் போய் உட்கார்ந்துகொண்டார். காஸ்லிங் உரிமை போனால் என்ன, கால் இருக்கிறதே! இவன் கையில் இரண்டு சிப்பாய். அவள் கையில் ஒரு முழுக் குதிரை. ஒரு மணி நேர ஆட்டத்தில் குட்வில்லை யாரும் வாங்குவதில்லை.

வீடு திரும்பும் பஸ்ஸில் அவன் ஜன்னலைப் பார்த்தபடியே வந்தான். அக்கா அரசலாற்றுப் பாலம் தாண்டிய பிறகு ஒரே வாக்கியம் சொன்னாள். "உனக்கு விளையாட்டு. அவனுக்கு அப்படி இல்லடா." அதோடு சரி. பதினேழு நாள் விரதம்.

அவனும் அதன்பின் பத்து நாள் போர்டைத் தொடவில்லை என்று அத்தான் ரகசியமாகப் போன் பண்ணிச் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தோற்றது போகட்டும், கோப்பை போகட்டும். ஆட்டத்தையே விட்டுவிட்டால்?

பதினோராவது நாள் அக்கா கோயிலுக்குப் போன நேரம் பார்த்துத் திருடன் மாதிரி உள்ளே போனேன். அவனிடம் ஒரு கதை சொன்னேன். 1988, சுவிட்சர்லாந்தில் பீல் போட்டி. நம்மூரிலிருந்து ஒரு மணி நேர பஸ் தூரத்தில் மயிலாடுதுறையில் பிறந்த விஸ்வநாதன் ஆனந்துக்கு அப்போது பதினெட்டு வயது. இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர். எதிரே கொலம்பியாவின் அலோன்சோ சபாடா. அதே பெட்ராஃப் டிஃபென்ஸ். சபாடா நாலாவது மூவில், புத்தியுள்ளவர் என்பதால், குதிரையைப் பின்னால் எடுத்தார். ஐந்தாவது மூவில் ஆனந்த், அதற்கு முந்தின வருஷம் மைல்ஸுக்கும் கிறிஸ்டியன்சனுக்கும் நடந்து டிராவான ஆட்டத்தில் வந்த மாதிரியே, பிஷப்பை நீட்டினார். அதில் ஒரு ஓட்டை இருந்தது. அன்றைக்கு மைல்ஸ் அதைப் பயன்படுத்தவில்லை. சபாடா ராணியை ஒரே ஒரு கட்டம் நகர்த்தினார். ஆனந்தின் ஒரு காய் போவது நிச்சயம். ஆறாவது மூவோடு ஆனந்த் கை கொடுத்துவிட்டு எழுந்துவிட்டார்.

"ஆறு மூவா? ஆனந்தா?"

"ஆனந்தேதான்."

"அவரும் யாரோ சொன்னதை நம்பிட்டாரா?"

இந்தக் கேள்விக்கு நான் தயாராக இல்லை. "ஆமாண்டா" என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவனே ஸ்கோர் ஷீட்டை எடுத்து வந்தான். இரண்டு பேரும் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தோம். ஆச்சரியம், பதினெட்டாவது மூவ் வரை கறுப்புக்கு மேல் என்றாலும் ஆட்டம் உயிரோடுதான் இருந்தது. சிப்பாய்களைக் கைகோத்து முன்னால் அனுப்பியிருந்தால் அந்தப் பெண் இன்னும் கஷ்டப்பட்டிருப்பாள். ஆனால் அவன் ஒரு மணி நேரத்தில் மொத்தமாகச் செலவழித்தது ஒன்பது நிமிஷம். என் ராத்திரி ஆட்டத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து, கேம்பிட்டோடு என் அவசரத்தையும் சேர்த்துக் கற்றுக்கொண்டிருந்தான். கேம்பிட்டை மறந்துவிடு என்று சொல்லிவிடலாம். கையின் அவசரத்தை எப்படித் திருப்பி வாங்குவது? ஷீட்டின் ஓரத்தில் ஒவ்வொரு மூவுக்கும் எத்தனை நேரம் எடுத்தான் என்று அவனையே ஞாபகப்படுத்தி எழுதச் சொன்னேன். பென்சிலைக் கடித்துக்கொண்டு எழுதினான். பாதி இடத்தில் 'யோசிக்கலை' என்று இருந்தது.

பதினேழாவது நாள் ராத்திரி பத்தே முக்கால். லிசெஸ்ஸில் எனக்கு ஒரு அழைப்பு வந்தது, அவன் பெயரில். ஆளுக்கு மூன்று நிமிஷம் இல்லை, முப்பது நிமிஷம்.

எனக்கு வெள்ளை. ராஜாவின் சிப்பாயைத் தள்ளினேன். அவனும். குதிரை எடுத்தேன். அவனும் குதிரை எடுத்தான். பெட்ராஃப்! சிப்பாயை வெட்டினேன். அவன் பக்கத்துச் சிப்பாயை நகர்த்தி, இடத்தைக் காலி பண்ணச் சொன்னான். வேண்டுமென்றே கூப்பிடுகிறான் என்று புரிந்தது. புத்தியுள்ளவர்கள் இந்த இடத்தில் குதிரையைப் பின்னால் எடுப்பார்கள்.

கொடுத்தேன்.

ராஜாவால் வெட்டினான். நான் ராணியின் சிப்பாயைத் தள்ளினேன். கடிகாரம் ஓடியது. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம், நாலு நிமிஷம். நெட் போய்விட்டதா என்று டவர் கோட்டைப் பார்த்தேன். போகவில்லை. ஆறாவது நிமிஷத்தில் அவன் பிஷப் ஒரு கட்டம் முன்னால் வந்தது.

முப்பத்தி எட்டாவது மூவில் நான் தோற்றேன். உடனே போன் அடித்தது. அவன் என்று நினைத்து எடுத்தால், அக்கா.

"அவன் தூங்காம என்னடா பண்றீங்க ரெண்டு பேரும்?"

"செஸ்க்கா."

"யார் ஜெயிச்சா?"

"அவன்தான்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பின்னால் அவன் சிரிப்பது கேட்டது.

"ஞாயித்துக்கிழமை வரும்போது வஞ்சிரம் வாங்கிட்டு வா. தலை வேணாம், நடுத்துண்டாப் பாத்து வாங்கு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.